படிப்புக் கடன் வாங்கும் மாணவருக்கு வாடகை உதவி கிடைக்குமா? இங்கிலாந்து விதிகள், எளிமையாக

இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போகும் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அரசு கடன் தருகிறது. வருமானம் போதாமல் வாடகை கட்டத் திணறும் குடும்பத்துக்கு அதே அரசு உதவித்தொகையும் தருகிறது. கைக்குழந்தையோடு டிகிரி படிக்க நினைக்கும் தாயும், வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகும் கணவரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: படிக்கத் தொடங்கினால் இப்போது வரும் வாடகை உதவி நின்றுவிடுமா?

பெரும்பாலான முழுநேர மாணவர்களுக்கு வாடகை உதவி கிடையாது. விதிவிலக்காகச் சிலருக்கு உண்டு. ஆனால் அந்தச் சிலருக்கும், அவர்கள் வாங்கும் படிப்புக் கடன் வருமானமாகக் கணக்கில் வந்து, உதவித்தொகையைப் பவுண்டுக்குப் பவுண்டு குறைக்கும். பலரைத் திகைக்க வைப்பது இந்தக் கடைசி விஷயம்தான். திருப்பிக் கட்ட வேண்டிய கடன் எப்படி வருமானமாகும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த மாதம் கையில் எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம்.

இங்கே சொல்லப்போவது இங்கிலாந்து மாணவர்களுக்கான நடைமுறை. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் படிப்புக் கடனும் மானியமும் வேறு விதமாக வரும். தொகைகள் எல்லாம் 2025-26 ஆண்டுக்குரியவை. ஆண்டுதோறும் மாறக்கூடியவை.

எந்த உதவியைப் பற்றிப் பேசுகிறோம்

முன்பெல்லாம் வாடகை உதவி என்றால் கவுன்சில், அதாவது உள்ளூராட்சி, தரும் ஹவுசிங் பெனிஃபிட்தான். இப்போது வேலை செய்யும் வயதில் இருப்பவர்களுக்கு அது யூனிவர்சல் கிரெடிட்டின் ஒரு பகுதியாகிவிட்டது. 2012-ல் சட்டம் வந்தது, 2013-ல் நடைமுறை தொடங்கியது. வாழ்க்கைச் செலவு, குழந்தைக்கான தொகை, வாடகை என எல்லாவற்றையும் ஒரே மாதப் பணமாகத் தருவது யூனிவர்சல் கிரெடிட். ஓய்வூதிய வயதை எட்டியவர்களும், வீடிழந்து கவுன்சில் கொடுத்த தற்காலிக இடத்திலோ பராமரிப்போடு கூடிய விடுதியிலோ இருப்பவர்களும் மட்டும் இன்னும் ஹவுசிங் பெனிஃபிட் கேட்கலாம். அதிலும் மாணவர்களுக்குத் தனி விதிகள் உண்டு. வேலை செய்யும் வயதினருக்கு அங்கேயும் கடன் வருமானம்தான், வாரத்துக்கு 10 பவுண்டு மட்டும் தள்ளுபடி. இனி யூனிவர்சல் கிரெடிட்டையே பார்ப்போம். பெரும்பாலானவர்களுக்கு அதுதான் பொருந்தும்.

வாடகை முழுவதையும் தருவார்கள் என்று நினைக்க வேண்டாம். தனியார் வீடு என்றால் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் என்ற உச்சவரம்பு உண்டு. ஏரியாவுக்கு ஏரியா, படுக்கையறை எண்ணிக்கைக்கு ஏற்ப அது மாறும். 35 வயதுக்குக் கீழே தனியாக இருப்பவருக்குப் பெரும்பாலும் பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கான தொகைதான்.

மாணவர்கள் ஏன் வெளியே நிறுத்தப்பட்டார்கள்

1990-க்கு முன்பு பிரிட்டனில் மாணவர்கள் ஹவுசிங் பெனிஃபிட் வாங்க முடிந்தது. கோடை விடுமுறையில் வேலை இல்லாதோருக்கான உதவியும் கேட்கலாம். 1990-ல் மாணவர் கடன் திட்டம் வந்தபோது அந்தக் கதவு மூடப்பட்டது. மாணவர்களின் வாழ்க்கைச் செலவை இனிக் கல்வித் துறையின் பணமே பார்த்துக்கொள்ளும், சமூகநலப் பணம் அவர்களுக்கு வேண்டாம் என்பது அன்றைய முடிவு. அதன் பிறகு மானியங்கள் படிப்படியாகச் சுருங்கின. 2016-ல் இங்கிலாந்தில் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு வாழ்க்கைச் செலவு மானியம் அடியோடு நின்றது. அதன் இடத்துக்கும் கடனே வந்தது. இந்த வரலாறு தெரிந்தால் இன்றைய விதியும் புரியும். கல்விப் பணத்தில் பெரும்பகுதி மானியமாக இருந்த நாளில் பிறந்த எண்ணம் அது. பணம் கடனாக மாறிய பிறகும் எண்ணம் மாறவில்லை.

யார் கேட்கலாம்

விதிவிலக்குகளில் முக்கியமானது குழந்தை. குழந்தையின் பொறுப்பு உங்களிடம் இருந்தால், முழுநேர மாணவராக இருந்தாலும் யூனிவர்சல் கிரெடிட் கேட்கலாம். தனியாக வளர்ப்பவருக்கும் தம்பதிக்கும் இது பொருந்தும்.

அடுத்தது, தம்பதியில் ஒருவர் மட்டும் மாணவர் என்ற நிலை. மற்றவர் மாணவர் இல்லை என்றால் இருவரும் சேர்ந்து கேட்கலாம். ஆனால் மாணவரின் கடன் அந்தக் கூட்டுக் கணக்கில் வருமானமாகச் சேரும்.

உடல்நலக் குறைபாடோ மாற்றுத்திறனோ உள்ளவர்களுக்கும் வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் பிப் (PIP) போன்ற ஓர் உதவி கிடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதோடு, வேலை செய்யும் திறன் குறைவு என்ற மதிப்பீடு படிப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்த 'முன்பே' என்பதைக் கவனியுங்கள். செப்டம்பரில் படிப்பு தொடங்கிய பிறகு மதிப்பீட்டுக்குப் போனால் காலம் கடந்துவிடும். தகுதியுள்ள ஒருவர் வெறும் தேதிப் பிரச்சினையால் வாடகை உதவியை இழப்பது கொடுமை. ஆகவே இந்த நிலையில் இருப்பவர்கள் கல்லூரி இடம் உறுதியாகும் முன்பே, பல மாதங்கள் முன்னால், ஓர் ஆலோசகரிடம் பேசிவிட வேண்டும்.

இவை தவிர, பெற்றோர் ஆதரவு இல்லாமல் ஏ லெவல் மாதிரியான பள்ளி நிலைப் படிப்பில் இருக்கும் இளைஞர்கள், ஃபாஸ்டர் முறையில் வளர்ப்புக் குழந்தை வைத்திருப்பவர்கள், ஓய்வூதிய வயதை எட்டி இளைய துணையோடு வாழ்பவர்கள் ஆகியோருக்கும் இடம் உண்டு. பகுதிநேர மாணவர்களுக்கு இந்த முழுத் தடை கிடையாது. வேலை தேடுவதற்கும் வேலை செய்வதற்கும் படிப்பு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று பார்ப்பார்கள்.

இந்த எந்த வகையிலும் வராத ஒருவர், தனி ஆளாக, குழந்தை இல்லாமல், நல்ல உடல்நிலையோடு மூன்று வருட டிகிரி படிக்கிறார் என்றால் அவருக்கு வாடகை உதவி இல்லை. கோடை விடுமுறையிலும் இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை வகுப்பு கிடையாதே, அப்போது கேட்கலாமே என்று பல பேர் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் படிப்பு தொடங்கிய நாளிலிருந்து முடியும் நாள் வரை, விடுமுறையெல்லாம் சேர்த்து, அவர் மாணவர்தான்.

இன்னொன்று. கடன் வாங்காமல், சொந்தச் சேமிப்பில் படித்தாலும் இந்தத் தடை அப்படியேதான். தடை விழுவது முழுநேர மாணவர் என்பதால். பணம் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கட்டத்தில்தான் வரும்.

கடன் வருமானமாவது எப்படி

சரி, நீங்கள் விதிவிலக்கில் வருகிறீர்கள். இனிதான் படிப்புப் பணம் கணக்குக்குள் நுழைகிறது.

கல்விக் கட்டணக் கடன் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. அதை யூனிவர்சல் கிரெடிட் கண்டுகொள்ளாது. மெயின்டனன்ஸ் லோன் எனப்படும் வாழ்க்கைச் செலவுக் கடன் உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறது. இதுதான் வருமானமாக எண்ணப்படும். 2025-26-ல் பெற்றோர் வீட்டில் இருந்து படிப்பவருக்கு அதிகபட்சம் 8,877 பவுண்டு. லண்டனுக்கு வெளியே தனியாக வசிப்பவருக்கு 10,544. லண்டனில் தனியாக வசிப்பவருக்கு 13,762.

உதவித்தொகைக்குத் தகுதியுள்ள மாணவர்களுக்கு, உதாரணமாகத் தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களுக்கு, வாழ்க்கைச் செலவுக் கடனின் ஒரு பகுதி 'ஸ்பெஷல் சப்போர்ட் லோன்' என்ற பெயரில் வரும். அந்தப் பகுதி வருமானமாக எண்ணப்படாது. புத்தகம், பயணம் போன்ற படிப்புச் செலவுக்காக அதை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இரண்டும் கடன், இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே நாளில் ஒரே கணக்கில் வந்து விழும். ஆனால் ஒன்று உதவித்தொகையைக் குறைக்கும், மற்றது குறைக்காது. படிப்புக் கடன் தரும் அரசு அமைப்பான ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் அனுப்பும் கடிதத்தில் இவை தனித்தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தத் தொகையை மட்டும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குச் சொன்னால் தேவைக்கு மேல் கழித்துவிடுவார்கள்.

குழந்தை உள்ள மாணவர்களுக்குத் தரப்படும் பேரண்ட்ஸ் லேர்னிங் அலவன்ஸ் போன்ற மானியங்கள், கடனும் இருக்கும் நிலையில், பொதுவாக எண்ணப்படாது. வாடகைக்கென்றே குறிப்பிட்டுத் தரப்பட்ட மானியம் என்றால் எண்ணப்படும். முதுகலை மாணவர்களுக்கு வேறு கணக்கு. மாஸ்டர்ஸ் கடனின் அதிகபட்சத் தொகையில் 30 சதவீதம் மட்டுமே வருமானம். 2025-26-ல் அந்த அதிகபட்சம் 12,858 பவுண்டு, அதில் 30 சதவீதம் 3,857 பவுண்டு சொச்சம். முதுகலைக் கடன் கட்டணத்துக்கும் சேர்த்து வருவதால் இந்தச் சலுகை.

வாங்காத கடனும் வருமானம்

இந்தப் பகுதியை மட்டும் ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்.

கடன் வருமானமாக எண்ணப்படும் என்று கேட்டதும் மனதில் தோன்றும் முதல் யோசனை, அப்படியானால் கடனே வாங்காமல் இருந்துவிட்டால் என்ன என்பதுதான். வேலைக்கு ஆகாது. நியாயமான முயற்சி எடுத்தால் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய கடன், நீங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உங்கள் வருமானமாகவே கொள்ளப்படும். விண்ணப்பிக்காமல் விட்டால் கடனும் கையில் இருக்காது, உதவித்தொகையும் குறைந்திருக்கும். வட்டி மார்க்கத்துக்கு ஆகாது என்பதால் மாணவர் கடனைத் தவிர்க்கும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. அவர்கள் காரணம் எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்கு இடம் தரப்படவில்லை. எனக்கு இது ஏற்க முடியாத விதியாகவே படுகிறது. என்றாலும் இருப்பதைச் சொல்லிவிட வேண்டும்.

அதோடு முடியவில்லை. ஸ்டூடண்ட் ஃபைனான்ஸ் உங்கள் துணையின் சம்பளத்தையோ பெற்றோரின் சம்பளத்தையோ பார்த்து உங்கள் கடனைக் குறைத்திருக்கலாம். குடும்ப வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினாலே கடன் குறையத் தொடங்கும். ஆனால் யூனிவர்சல் கிரெடிட் அந்தக் குறைப்பைப் பார்ப்பதில்லை. குறைப்பே நடக்காதது போல, உங்களுக்கு உரிய அதிகபட்சக் கடன் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். கணவர் வேலைக்குப் போகிறார், மனைவி படிக்கிறார், குழந்தை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவரின் சம்பளத்தால் மனைவியின் கடன் குறைகிறது. அதே சம்பளம் யூனிவர்சல் கிரெடிட்டையும் குறைக்கிறது. அதற்கு மேல், கைக்கே வராத கடன் தொகையும் கழிகிறது. ஒரே சம்பளத்தால் மூன்று இடத்தில் அடி. இப்படிப்பட்ட குடும்பங்கள் படிப்பில் சேரும் முன்பு கட்டாயம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாதக் கணக்கு

யூனிவர்சல் கிரெடிட் மாதாமாதம் கணக்கிடப்படுகிறது. நீங்கள் விண்ணப்பித்த தேதியிலிருந்து உங்கள் கணக்கு மாதம் ஓடும். 10-ஆம் தேதி விண்ணப்பித்தால் ஒவ்வொரு 10-ஆம் தேதியிலிருந்து அடுத்த 9-ஆம் தேதி வரை ஒரு கணக்கு மாதம்.

ஆண்டுக் கடனை எடுத்து, படிப்பு நடக்கும் கணக்கு மாதங்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். படிப்பு தொடங்கும் தேதி விழும் மாதம் சேரும். கோடை விடுமுறை தொடங்கும் தேதி விழும் மாதம் சேராது, அதன் பிறகு வரும் விடுமுறை மாதங்களும் சேராது. வகுத்து வந்த தொகையில் மாதத்துக்கு 110 பவுண்டைத் தள்ளிவிட்டு, மீதியை உதவித்தொகையிலிருந்து கழிப்பார்கள்.

ஓர் உதாரணம் போடுவோம். 30 வயது, தனியாக ஒரு குழந்தையை வளர்க்கும் தாய். குழந்தை 2017 ஏப்ரலுக்குப் பிறகு பிறந்தது. லண்டனுக்கு வெளியே வாடகை வீடு. வாடகை 850 பவுண்டு, அது அந்த ஏரியாவின் உச்சவரம்புக்குள் இருக்கிறது. வேலை இல்லை. அவருக்கு வயதுக்குரிய அடிப்படைத் தொகை 400.14, குழந்தைக்கு 292.81, வாடகைக்கு 850. கூட்டினால் மாதம் 1,542.95 பவுண்டு. குழந்தை வளர்ப்போருக்கு அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் இதற்கு வெளியே தனியாக வரும், அதை வருமானமாக எண்ணுவதில்லை.

இவர் செப்டம்பர் 22-ல் டிகிரியில் சேருகிறார். கோடை விடுமுறை ஜூன் 12-ல் தொடங்குகிறது. கணக்கு மாதம் 10-ஆம் தேதிக்கு 10-ஆம் தேதி. செப்டம்பர் 10-ல் தொடங்கும் மாதத்திலிருந்து மே 10-ல் தொடங்கும் மாதம் வரை எண்ணினால் ஒன்பது மாதங்கள். ஸ்பெஷல் சப்போர்ட் பகுதியை நீக்கிய பிறகு, எண்ணப்படும் கடன் 9,000 பவுண்டு என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். ஒன்பதால் வகுத்தால் மாதம் 1,000. அதில் 110 போக 890. ஆக அந்த ஒன்பது மாதங்களும் யூனிவர்சல் கிரெடிட் 1,542.95-லிருந்து 652.95 ஆகக் குறையும். வாடகைக்கே போதாது. மீதியைக் கடனிலிருந்து போட வேண்டும். கோடையின் மூன்று மாதங்களில் மறுபடி முழுத் தொகை வரும்.

இப்போது ஆண்டு முழுவதையும் கூட்டிப் பாருங்கள். படிக்காமல் இருந்திருந்தால் பன்னிரண்டு மாதத்துக்கு 18,515 பவுண்டு. படித்தால் உதவித்தொகை 10,505, அதோடு கடன் 9,000, மொத்தம் 19,505. கையில் கூடுதலாக வந்தது 990 பவுண்டு. அதாவது மாதத்துக்கு 110 வீதம் ஒன்பது மாதம். இந்த 990 பவுண்டுக்காக அந்தத் தாயின் பெயரில் ஏறிய கடன் 9,000. ஸ்பெஷல் சப்போர்ட் லோனும் மானியங்களும் இதற்கு மேல் அவருக்கு உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் நேற்றுவரை உதவித்தொகையாக வந்த 8,010 பவுண்டு இன்று கடனாக மாறிவிட்டது என்பதுதான் இந்தக் கணக்கு சொல்லும் உண்மை. படித்து முன்னேறப் பார்க்கும் ஏழைத் தாய்க்கு இப்படி ஒரு ஏற்பாடு அநியாயம் என்று நான் நினைக்கிறேன்.

அதற்காகப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து சேர்ந்த இளங்கலை மாணவர்கள், ஆண்டுச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டிய பிறகே கடனைக் கட்டுவார்கள். அதுவும் தாண்டிய தொகையில் 9 சதவீதம்தான். 40 ஆண்டுகளுக்குப் பிறகு மிச்சம் தள்ளுபடியாகும். வங்கிக் கடனைப் போல வாசலில் வந்து நிற்கிற கடன் அல்ல. முடிவு எடுப்பவர் இந்த இரண்டு பக்கத்தையும் பார்த்து எடுக்கட்டும்.

சம்பளத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அதே தாய் பகுதிநேர வேலையில் மாதம் 890 பவுண்டு சம்பாதித்தால், முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள். மீதி 479-ல் 55 சதவீதம், அதாவது 263 பவுண்டு சொச்சம் மட்டுமே கழியும். உழைத்து வந்த 890 பவுண்டுக்கு 263 கழிகிறது, கடனாக வந்த 1,000 பவுண்டுக்கு 890 கழிகிறது. படித்துக்கொண்டே சில மணி நேரம் வேலை செய்ய முடிந்தவர்களுக்கு அந்தச் சம்பளம் கைக்கு ஓரளவு தங்கும் என்பது இதில் கிடைக்கும் ஒரே நல்ல செய்தி.

பணம் வரும் நாளும் கழியும் நாளும்

கடன் மூன்று தவணைகளில் வரும், ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒன்று. ஆனால் கழிப்பு மாதாமாதம் சமமாக நடக்கும். முதல் தவணை வந்ததும் வங்கிக் கணக்கு நிறைந்தது போலத் தோன்றும். டிசம்பர் வாடகைக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. வந்த அன்றே மாதங்களாகப் பிரித்து, வாடகைப் பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிடுவது நல்லது.

அதைவிட ஆபத்தானது தாமதம். கடன் விண்ணப்பம் பிந்தி, முதல் தவணை நவம்பரில் வந்தாலும், கழிப்பு செப்டம்பர் கணக்கு மாதத்திலேயே தொடங்கிவிடும். இரண்டு மாத வாடகை நிலுவையில் நிற்பது இப்படித்தான். வசந்த காலத்திலேயே, கல்லூரி இடம் உறுதியாகும் வரை காத்திராமல், ஸ்டூடண்ட் ஃபைனான்ஸுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். படிப்பை மாற்றினால் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

கடன் எண்ணப்படும் மாதங்களில் வேலை தேட வேண்டும் என்று உங்களைக் கேட்கமாட்டார்கள். கோடையில் கடன் எண்ணப்படாது, அப்போது குழந்தையின் வயதைப் பொறுத்து வேலை தேடும் கடமை திரும்பி வரலாம். அரசின் வேலைவாய்ப்பு அலுவலகமான ஜாப் சென்டரிலிருந்து ஜூலையில் கூப்பிட்டால் பதற வேண்டாம், அது விதிப்படி நடப்பதுதான்.

சேமிப்பையும் பார்ப்பார்கள். 6,000 பவுண்டுக்கு மேல் இருந்தால் உதவித்தொகை குறையும், 16,000-ஐத் தாண்டினால் நின்றுவிடும். மகளின் படிப்புக்கென்று அவள் பெயரிலேயே பணம் போட்டு வைத்திருக்கும் பெற்றோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெற்றோர் வாங்கும் உதவியில் பிள்ளையின் படிப்பு

தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் போவது அதிகம். அப்போது கேள்வி தலைகீழாக வரும்: மகனின் படிப்புக் கடனால் அம்மா அப்பாவின் வாடகை உதவி குறையுமா? குறையாது. மகனின் கடன் மகனுடைய பணம், பெற்றோரின் வருமானம் அல்ல.

ஆனால் வேறு இரண்டு மாற்றங்கள் வரும். பள்ளிப் படிப்பு முடிந்து அவர் பல்கலைக்கழக நிலைக்குப் போனதும், அவருக்காகப் பெற்றோருக்கு வந்த குழந்தைத் தொகை நின்றுவிடும். பிறகு, அவருக்கு 21 வயது ஆனதும், வீட்டில் இருக்கும் வளர்ந்த பிள்ளை வாடகையில் பங்கு போட வேண்டும் என்ற கணக்கில் யூனிவர்சல் கிரெடிட் வாடகைத் தொகையிலிருந்து மாதம் 93.02 பவுண்டு கழியும். முழுநேர மாணவர் என்பதற்காக இதில் விலக்கு இல்லை. பழைய ஹவுசிங் பெனிஃபிட்டில் மாணவருக்கு விலக்கு இருந்ததால், அங்கிருந்து மாறி வந்த குடும்பங்கள் இந்தக் கழிப்பைப் பார்த்துக் குழம்புகின்றன.

வீட்டுக்காக உள்ளூராட்சி வாங்கும் வரியான கவுன்சில் டாக்ஸில் மட்டும் மாணவர் பக்கம் காற்று வீசுகிறது. முழுநேர மாணவரை ஆள் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். தாயும் மாணவியான மகளும் மட்டும் இருக்கும் வீட்டில், ஒருவர் மட்டும் வசிப்பதாகக் கொண்டு 25 சதவீதத் தள்ளுபடி தருவார்கள். வீட்டில் எல்லோருமே முழுநேர மாணவர் என்றால் வரியே இல்லை. வருமானமோ கடனோ இதில் பார்க்கப்படுவதில்லை. கேட்டால்தான் தருவார்கள், பல்கலைக்கழகத்தின் சான்றுக் கடிதத்தோடு கவுன்சிலுக்கு எழுதுங்கள்.

மாணவர் விசாவில் வந்தவர்கள்

சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ மாணவர் விசாவில் வந்து படிப்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்கள் விசாவில் பப்ளிக் ஃபண்ட்ஸ் வாங்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும். யூனிவர்சல் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட், சைல்ட் பெனிஃபிட், வருமானம் குறைந்தவருக்கான கவுன்சில் டாக்ஸ் குறைப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். தெரியாமல் வாங்கினாலும் அடுத்த விசாவுக்கு அது இடைஞ்சலாகலாம். வீட்டு நண்பர் ஒருவர் "எனக்குக் கிடைக்குது, நீயும் போட்டுப் பாரேன்" என்று சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். அவருடைய குடியுரிமை நிலை வேறாக இருக்கும். முன்பு சொன்ன மாணவர் கவுன்சில் டாக்ஸ் விலக்கு இந்தப் பட்டியலில் இல்லை, அதை விசா மாணவர்களும் பெறலாம்.

அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவர்களுக்கும் பொதுவாக இந்தத் தடை இல்லை. கணவர் பிரிட்டிஷ் குடிமகன், மனைவி தடையுள்ள விசாவில் இருக்கிறார் என்ற கலப்பு நிலையில், கணவர் தனி ஆளாகக் கேட்க வழி உண்டு. ஆனால் மனைவியின் வருமானமும் சேமிப்பும் கணக்கில் வரும். இந்த நிலையில் இருப்பவர்கள் விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்பு குடிவரவு ஆலோசகரைப் பார்த்துவிடுவது அவசியம்.

கேட்கும்போது கையில் இருக்க வேண்டியவை

ஸ்டூடண்ட் ஃபைனான்ஸின் முழுக் கடிதம், பல்கலைக்கழகத்திலிருந்து படிப்பு தொடங்கும் தேதி, கோடை விடுமுறை தொடங்கும் தேதி, அடுத்த ஆண்டு தொடங்கும் தேதி மூன்றும் எழுதிய கடிதம், வாடகை ஒப்பந்தம். இவற்றை யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கில் ஜர்னல் என்ற பகுதியில் ஏற்றி, ஸ்பெஷல் சப்போர்ட் லோன் எவ்வளவு என்பதைத் தனியாக எழுதுங்கள். கோடை விடுமுறைத் தேதியைச் சொல்லாமல் விட்டால் கடனைத் தவறான மாதங்களுக்குப் பரப்பிவிட வாய்ப்பு உண்டு. படிப்பை நடுவில் விட்டால் அன்றே சொல்லுங்கள், அப்போது முதல் கடன் எண்ணப்படக்கூடாது.

மாத அறிக்கை வந்ததும் நீங்களே ஒரு முறை போட்டுப் பாருங்கள். எண்ணப்படும் கடனை மாதங்களால் வகுத்து 110-ஐக் கழித்தால் வரும் தொகையும், அவர்கள் கழித்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் ஜர்னலில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் முடிவு வந்த ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கும் உரிமை உண்டு, அதற்குப் பிறகு தீர்ப்பாயம். பல்கலைக்கழக மாணவர் சங்கங்களின் ஆலோசனைப் பிரிவும் சிட்டிசன்ஸ் அட்வைஸும் இதற்கு இலவசமாக உதவும். மாணவர் வருமானக் கணக்கு அடிக்கடி பார்க்காத விஷயம் என்பதால் அதிகாரிகளே தடுமாறுவது உண்டு. ஆகவே போகும்போது உங்கள் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.